மாரியில் வன்னி வீதிகள்: ஏன் உடைகின்றன, எங்கே சறுக்குகின்றன, யார் பொறுப்பு

கார்த்திகையில் ஒரு கிழமை விடாமல் மழை பெய்தால் போதும், வன்னியின் உள்வீதிகளைப் பற்றி அதே கேள்விகள் திரும்ப எழுகின்றன. போன ஆண்டு கிரவல் போட்டுச் செப்பனிட்ட வீதி ஒரே மாரியில் எப்படிச் சேறாகிறது? நல்ல காப்பெற் வீதியிலேயே மோட்டார் சைக்கிள்கள் ஏன் சறுக்கி விழுகின்றன? மதகுக்கு மேலால் முழங்காலளவு தண்ணீர் ஓடும்போது கடக்கலாமா? இதையெல்லாம் எந்த அலுவலகத்தில் போய்ச் சொல்வது?

இதே மாதங்களில் ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் இருக்கும் உறவுகள் வாசலில் பனி அள்ளி உப்புத் தூவும் படங்களை அனுப்புகிறார்கள். நீரோடு உப்புச் சேர்ந்தால் அது உறையும் வெப்பநிலை கீழே இறங்கிவிடும். அதனால் பூச்சியப் பாகையிலும் பனிக்கட்டி பிடிக்காது. உப்பின் வேலை அவ்வளவுதான். ஆனால் அந்த நகரங்களில் முதற்பனி விழுமுன்பே உப்புக் களஞ்சியங்கள் நிரம்பியிருக்கும். எந்த வீதியை முதலில் துப்புரவாக்குவது என்ற வரிசையும் எழுத்தில் இருக்கும். வன்னியில் பனி இல்லை. நாள் குறித்து வரும் மாரி இருக்கிறது. அதற்கும் அப்படியொரு முன்னேற்பாடு வேண்டும். அது ஏன் என்று விளங்க, வீதியின் அடியிலிருந்து தொடங்க வேண்டும்.

நீர் வீதிக்குள் என்ன செய்கிறது

வீதி ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் மூன்று படைகள் தெரியும். அடியில் அந்த இடத்து இயற்கை மண், அதன்மேல் இறுக்கிய கிரவல், அதற்கும் மேல் சல்லியும் தாரும் அல்லது கொங்கிரீற்று. உள்வீதிகள் பலவற்றில் மூன்றாவது படை இல்லை. கிரவலோடு வேலை முடிந்துவிடும். எந்த வீதியானாலும் சில்லின் பாரத்தைக் கடைசியில் ஏந்துவது அடிமண்தான்.

காய்ந்து இறுகிய மண்ணில் மணிகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு பாரத்தைத் தாங்குகின்றன. இடைவெளிகளில் நீர் நிரம்பியதும் நிலைமை மாறிவிடுகிறது. நீர் நசுங்காது. சில்லு அழுத்தும்போது அது மணிகளைத் தள்ளி விலக்கிக்கொண்டு வெளியேறப் பார்க்கும். வெளியேறும்போது நுண்மண்ணையும் அள்ளிக்கொண்டு வரும். மழை விட்டு இரண்டு நாள் வெயில் எறித்த பின் ஒரு தார் வீதியில் குனிந்து பாருங்கள். விரிசல்களின் ஓரம் மங்கிய மஞ்சள் மண் கசிந்து பொருக்காகக் காய்ந்திருக்கும். அந்தப் பொருக்கின் அடியில் வீதி ஏற்கெனவே வெறுமையாகிவிட்டது. அடுத்து வரும் பாரமான டிப்பரோடு அந்த இடம் குழியாகும்.

மண்ணின் வகையும் முக்கியம். துணுக்காயிலும் முருங்கனிலும் உள்ள கறுப்புக் களிமண் நனைந்தால் பருக்கும், காய்ந்தால் வெடிக்கும். அதன்மேல் போட்ட வீதி ஆண்டுக்கு ஒருமுறை எழும்பி இறங்குகிறது. சிவந்த மண் உள்ள இடங்களுக்கு எழுதிய வேலைத்திட்டத்தை அப்படியே அங்கே கொண்டுபோனால் பலன் இராது.

அடுத்தது பாரம். 1950களின் இறுதியில் அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் ஒரு பெரும் வீதிச் சோதனை நடந்தது. அதில் கிடைத்த விதியைப் பொறியியலாளர்கள் இன்றுவரை பயன்படுத்துகிறார்கள். ஓர் அச்சின் பாரம் இரண்டு மடங்கானால், வீதிக்கு ஏற்படும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும். நூறு மோட்டார் சைக்கிள்கள் செய்யாத சேதத்தை மேலதிகமாக மணல் ஏற்றிய ஒரே டிப்பர் செய்துவிடும். அடிமண் ஈரமாக இருந்தால் சேதம் இன்னும் கூடும்.

குளிர் நாடுகள் இதை உணர்ந்தே சட்டம் வைத்திருக்கின்றன. நீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கிறது. வசந்தம் வந்து மேல்மண் உருகும்போது கீழே உறைந்திருக்கும் படை நீரை வடியவிடாது. அந்நாட்களில் வீதி ஊறிய சோளப்பொரி போலிருக்கும். அதனால் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் குறித்த வீதிகளில் கனரக வாகனங்களுக்கு அச்சு ஒன்றுக்கு 5 தொன் என்ற வரம்பு விதிக்கிறார்கள். நவம்பர், டிசம்பரில் வன்னியின் உள்வீதிகளும் இதே நிலையில்தான் இருக்கின்றன. அந்த இரண்டு மாதங்களும் பாரமான டிப்பர்களை உள்வீதிகளில் விடாமல் தடுப்பது, பிறகு லோட் லோட்டாகக் கிரவல் கொட்டுவதைவிட மலிவான பராமரிப்பு. இதைப் பிரதேச சபைகள் தீர்மானமாகவே எடுக்க வேண்டும் என்பேன்.

அந்த நீர் எங்கிருந்து வருகிறது

வன்னியின் ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான நான்கு மாதங்களுக்குள் விழுந்துவிடுகிறது. முதலில் வங்காள விரிகுடாத் தாழமுக்கங்கள், டிசம்பரிலிருந்து வடகீழ்ப் பருவமழை. 2025 நவம்பர் இறுதியில் நாட்டின் பெரும்பகுதியை வெள்ளத்தில் ஆழ்த்திய டித்வா புயலும் இந்தக் காலத்தில்தான் வந்தது.

விழுந்த மழை குளங்களுக்குப் போகிறது. கனகராயன் ஆறு வடக்கே இரணைமடுவை நிரப்புகிறது, பேராறு கிழக்கே முத்தையன்கட்டை, பாலியாறு மேற்கே வவுனிக்குளத்தை. இவற்றுக்கிடையே நூற்றுக்கணக்கான சிறு குளங்கள் ஒன்றின் கீழ் ஒன்றாகக் கோத்துக் கிடக்கின்றன. மேற்குளம் நிரம்பி வான் பாய்ந்தால் அந்த மிகுநீர் கீழ்க்குளத்தில் சேரும், அதுவும் நிரம்பினால் அதற்கும் கீழே. நம்முடைய உள்வீதிகள் பெரும்பாலும் இந்தக் குளங்களுக்கிடையே, நீர் போகும் தாழ்வான இடங்களைக் குறுக்கறுத்துத்தான் செல்கின்றன.

இதில் பலரும் கவனியாத ஓர் ஆபத்து இருக்கிறது. மழை ஓய்ந்து வானம் வெளித்த பிறகும் மேற்குளங்களின் நீர் இறங்கிக்கொண்டிருக்கும். காலையில் காய்ந்து கிடந்த தாழ்பாலத்தில் மாலையில் இடுப்பளவு நீர் ஓடலாம். 2018 டிசம்பரில் இரணைமடு நிரம்பி வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் பரவியது. வீதி பாதுகாப்பானதா என்று பார்ப்பதற்கு வானத்தை மட்டும் பார்த்தால் போதாது. மேலே எந்தக் குளம் வான் பாய்கிறது என்பதையும் கேட்டறிய வேண்டும்.

வீதிக்குள் நீர் நுழையும் வழிகள் மூன்று:

1. மேலிருந்து. கிரவல் வீதியின் நடுப்பகுதி ஆமையின் ஓடு போல உயர்ந்திருக்க வேண்டும். நாலு மீற்றர் அகல வீதியில் நடு, ஓரத்தைவிட ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் உயரம் இருந்தால் மழைநீர் இருபக்கமும் ஓடிவிடும். சில்லுத் தடங்கள் பள்ளமாகிவிட்ட வீதியில் நீர் நடுவிலேயே நின்று ஊறும். உயரத்தைச் சோதிக்க ஒரு கயிறும் கொத்தனாரின் நீர்மட்டமும் போதும்.

2. பக்கத்திலிருந்து. வீதியோர வடிகான் தூர்ந்துவிட்டால் நீர் வீதியின் விலாவுக்குள் கசியும். வடிகான் தூர்வதற்கு மழை மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. படலைக்கு முன்னால் குழாய் வைக்காமல் வடிகானை மண் போட்டு மூடி வண்டிப்பாதை அமைத்த வீடுகள் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. ஒரு வீட்டுப் படலை அடைத்தால் அதற்கு மேலுள்ள பத்து வீட்டு நீரும் வீதிக்கு ஏறும். குழாய் வைத்தவர்களிலும் சிலர் ஆறங்குலக் குழாய் வைக்கிறார்கள். முதல் வெள்ளத்தோடு வரும் சருகு அதை அடைத்துவிடும்.

3. அடியிலிருந்து. வயலும் வாய்க்காலும் நிரம்பிய காலத்தில் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்து வீதியின் அடித்தளத்தைத் தொடும். வீதியை உயர்த்திக் கட்டுவதுதான் இதற்கு வழி. ஆனால் மதகுகள் போடாமல் உயர்த்திய வீதி ஒரு குளக்கட்டாக மாறி, மேற்பக்கத்து வளவுகளை மூழ்கடித்துவிடும்.

பனிக்கட்டி இல்லாத ஊரில் சறுக்கல்

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம், பிறேக் பிடித்த கணத்திலிருந்து காய்ந்த தார் வீதியில் ஏறத்தாழ 14 மீற்றருக்குள் நிற்கும். நனைந்த வீதியில் 25 மீற்றர் ஆகலாம். பனிக்கட்டி மேல் அதுவே 100 மீற்றரை நெருங்கும். பிறேக்கை மிதிக்க எடுக்கும் ஒரு விநாடியில் இன்னுமொரு 14 மீற்றர் போய்விடும். களி படிந்த தார் வீதி, நனைந்த வீதிக்கும் பனிக்கட்டிக்கும் இடையில் நிற்கிறது.

அந்தக் களி எங்கிருந்து வருகிறது என்பது காலபோகம் செய்யும் எல்லோருக்கும் தெரியும். வயலில் உழுதுவிட்டு வரும் உழவு இயந்திரம் வரம்பேறி வீதிக்கு வந்ததும் அதன் சில்லுகளிலிருந்து சேறு கட்டிகட்டியாக விழும். பின்னால் வரும் வாகனங்கள் அதை நசுக்கிப் பரப்பும். சிறு தூறல் விழுந்தால் ஐம்பது மீற்றர் நீளத்துக்கு வீதி எண்ணெய் பூசியது போலாகிவிடும். இருட்டில் அது கண்ணுக்குத் தெரியாது. தாரும் கறுப்பு, நனைந்த களியும் கறுப்பு. பாடசாலைப் பிள்ளையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வரும் தாய், வளைவில் முன்பிறேக்கைத் தொட்டதும் ஸ்கூட்டரின் முன்சில்லு பக்கவாட்டில் ஓடுவது இந்த இடத்தில்தான்.

நீண்ட வெயிலுக்குப் பின் வரும் முதல் மழையும் இப்படியே. மாதக்கணக்காகப் படிந்த தூசியும் எண்ணெயும் முதல் அரைமணி நேரத்தில் வழுவழுப்பான படலமாகிவிடும். தொடர்ந்து பெய்யும் பெருமழை அதைக் கழுவிவிடும். ஆகவே பெருமழையைவிட முதல் தூறல் ஆபத்தானது. நிழல் விழும் கொங்கிரீற்று வீதிகளிலும் மதகுப் பலகைகளிலும் பிடிக்கும் பாசி இன்னொரு சறுக்கல். கொங்கிரீற்றுப் போடும்போதே ஈரத்தில் தும்புத்தடியால் குறுக்கே கீறிவிட்டால் மேற்பரப்பில் பிடிமானம் இருக்கும். ஒப்பந்தக்காரர் பளபளவென்று மினுக்கிக் கொடுத்த வீதியை நல்ல வேலை என்று ஏற்றுக்கொள்ளக் கூடாது.

சறுக்கலோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது கட்டாக்காலி மாடுகள். நெல் விதைத்ததும் மேய்ச்சல் நிலம் சுருங்கிவிடுகிறது. பட்டி நிலமும் சேறாகிவிடுகிறது. ஊரில் மேடாகவும் காய்ந்தும் இருக்கும் ஒரே இடம் காப்பெற் வீதி. இரவில் மாடுகள் அதில் வந்து படுத்துவிடுகின்றன. மழையில் மங்கிய கண்ணாடியூடாகக் கறுத்த எருமையொன்றை 25 மீற்றருக்கு முன் காண்பது கடினம். உரிமையாளர் மாட்டின் கழுத்தில் ஒளி தெறிக்கும் பட்டி கட்டுவதும், இரவில் மாட்டை அடைப்பதும் வீதிப் பாதுகாப்பு வேலைகளே.

வீதிக்கு மேலால் நீர் ஓடினால்

ஓடும் நீரின் விசையை நாம் எப்போதும் குறைத்தே மதிக்கிறோம். ஒரு கன மீற்றர் நீரின் எடை ஒரு தொன். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும்.

சிறிய கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் அடிப்பரப்பு ஏறத்தாழ 5 சதுர மீற்றர், எடை 800 கிலோகிராம். நீர் அதன் அடித்தட்டைத் தாண்டி 16 சென்ரிமீற்றர் ஏறினால், விலக்கப்பட்ட நீரின் எடை காரின் எடைக்குச் சமமாகிவிடும். அடித்தட்டு தரையிலிருந்து 15 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கும். ஆக, முப்பது சென்ரிமீற்றர் நீரில், அதாவது முழங்காலுக்கும் கீழே, காரின் சில்லுகள் வீதியைப் பிடிக்கும் பலத்தை இழந்துவிடுகின்றன. அதன்பின் பக்கவாட்டு ஓட்டம் அதைத் தள்ளிக்கொண்டு போகும். 60 சென்ரிமீற்றர் நீர் பெரும்பாலான வாகனங்களை மிதக்கச் செய்யும். வேகமாக ஓடினால் 15 சென்ரிமீற்றர் நீரே வளர்ந்த மனிதரை விழுத்திவிடும்.

உழவு இயந்திரம் உயரமானது, பாரமானது, அது போய்விடும் என்ற நம்பிக்கை நம்மிடையே வலுவாக இருக்கிறது. பெரிய சில்லுகளுக்குள் இருப்பது காற்று. பின்னால் இழுக்கும் பெட்டி மிதக்கும். மிதந்த பெட்டி இயந்திரத்தையும் இழுத்துக்கொண்டு போகும். 2024 நவம்பரில் அம்பாறை மாவட்டத்தில், காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் மதரசா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு, பிள்ளைகளின் உயிர்கள் பறிபோயின. வன்னியில் நாம் அன்றாடம் ஏறிச் செல்வதும் அதே வாகனத்தில்தான்.

இன்னொன்று: நீருக்கடியில் வீதி இருக்கிறதா என்பது மேலிருந்து தெரியாது. கீழ்ப்பக்கத்தில் விழும் நீர் வீதியணையின் அடியை அரித்து, தார்ப்படையை மட்டும் ஓடு போல விட்டுவைத்திருக்கலாம். ஆகவே,

1. அடி தெரியாமல் கலங்கி ஓடும் நீரில் இறங்க வேண்டாம். முன்னால் ஒரு வாகனம் போய்விட்டது என்பது ஆதாரமாகாது.
2. சுற்றுப்பாதை தேடிக் காட்டுவழியில் இறங்குபவர்கள் மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பகுதிகளைத் தவிர்க்க வேண்டும். வெள்ளம் வெடிபொருட்களை இடம்பெயர்க்கும்.
3. ஆபத்து நேர்ந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990.

எந்த வீதி யாருடையது

ஏ, பி தர வீதிகள் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. கண்டி வீதி என்று நாம் சொல்லும் ஏ-9, மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவு செல்லும் ஏ-34, பரந்தனிலிருந்து முல்லைத்தீவு செல்லும் ஏ-35 எல்லாம் இதில் அடங்கும். சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. மிகுதி உள்வீதிகள் பிரதேச சபையுடையவை. வவுனியா நகரில் மாநகர சபை. பெரிய குளங்களின் கட்டு வீதிகளை நீர்ப்பாசனத் திணைக்களமும், சிறு குளங்களை கமநல அபிவிருத்தித் திணைக்களமும் கமக்காரர் அமைப்புகளும் பார்க்கின்றன.

தாளில் இது தெளிவாகத்தான் இருக்கிறது. தண்ணீருக்கு இந்தப் பிரிவு தெரியாது. பிரதேச சபை வீதியின் வடிகானில் இறங்கும் நீர், பிரதான வீதியின் மதகுக்குள் நுழைந்து, மறுபக்கத்தில் ஒரு தனியார் வயலின் வாய்க்காலில் வெளியேற வேண்டும். மூன்றில் ஒன்று அடைபட்டாலும் மூன்றும் பயனற்றவை. சபை தன் வடிகானை ஒழுங்காக வெட்டியிருந்தும் வீதி மூழ்குவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

இதைவிடப் பெரிய கோளாறு நாட்காட்டியில் இருக்கிறது. அரசின் நிதியாண்டு ஜனவரி 1 தொடங்கி டிசம்பர் 31 இல் முடிகிறது. ஒதுக்கீடு வந்து, கேள்விப்பத்திரம் கோரி, ஒப்பந்தம் எழுதி முடிய ஆண்டின் பாதி போய்விடுகிறது. பணம் திரும்பிவிடும் முன் வேலையை முடிக்க வேண்டுமென்று நவம்பரில் கிரவல் கொட்டுகிறார்கள். ஈரத்தில் கொட்டிய கிரவல் இறுகாது. உருளை எத்தனை முறை ஓடினாலும் அது களியாகவே கிடக்கும். வன்னியில் மாரிக்குள் தொடங்கும் கிரவல் வேலை பணத்தை நீரில் கரைப்பதற்குச் சமம். வேலைத்திட்டங்கள் மே மாதத்துக்குள் ஒப்பந்தமாகி, செப்டெம்பருக்குள் முடிய வேண்டும்.

எப்போது என்ன

ஓகஸ்ட், செப்டெம்பரில் வடிகான் வெட்டுவதும் மதகுகளைத் துப்புரவாக்குவதும் முதல் வேலை. பெக்கோ இயந்திரம் வந்து வடிகானைக் கிண்டிவிட்டுப் போவதோடு இது முடியாது. அள்ளிய மண்ணை வீதியோரத்திலேயே வரம்பு போலக் குவித்துவிட்டால் வீதியின் நீர் வடிகானுக்குள் இறங்க முடியாது. முதல் மழையில் அந்த மண் திரும்ப உள்ளே விழும். மண் அகற்றப்பட வேண்டும். மதகின் உள்ளே வெளிச்சம் தெரிகிறதா என்று ஒருபக்கம் குனிந்து பார்க்க வேண்டும். மறுபக்கம் தெரியாவிட்டால் அது மதகு என்ற பெயரில் இருக்கும் மண்மேடு.

குழி அடைப்பதிலும் ஒழுங்கு உண்டு. நீர் நிற்கும் குழியில் கட்டட உடைசலோ வயல் மண்ணோ கொட்டுவது இரண்டு நாளைக்குத்தான் தாங்கும். நீரை இறைத்து, குழியின் ஓரங்களை நேராக வெட்டி, கல் கலந்த கிரவலைப் படைபடையாகப் போட்டு இடிக்க வேண்டும்.

மாரி தொடங்கிய பின் செய்யக்கூடியவை குறைவு: மதகு வாயில் சேரும் கிளை, மட்டை, பொலித்தீன் பைகளை அகற்றுவது, டிப்பர்களைத் தடுப்பது, வயலிலிருந்து வீதிக்கு ஏறும் இடங்களில் சேற்றை வழிப்பது. கடைசியாகச் சொன்னதைச் சட்டத்துக்குக் காத்திராமல் கமக்காரர் அமைப்புகளே முடிவெடுத்துச் செய்யலாம். வரம்பிலிருந்து வீதிக்கு ஏறும் பத்து மீற்றரில் சல்லி பரப்பிவிட்டால் சேற்றில் பாதி அங்கேயே விழுந்துவிடும். மிகுதியை மண்வெட்டியால் வழித்தெடுக்க இருவருக்குப் பத்து நிமிடம் போதும்.

நடந்து போகிறவர்கள்

வன்னியின் நகரங்களுக்கு வெளியே நடைபாதை என்று தனியாக எதுவும் பெரும்பாலும் இல்லை. காப்பெற்றின் ஓரத்துக்கும் வடிகானுக்கும் இடையிலுள்ள மண் ஓரம்தான் நடைபாதை. மாரியில் அது சேறாகி, சில இடங்களில் அரைச்சாண் ஆழத்துக்கு அரித்துப்போய்விடும். வெள்ளைச் சப்பாத்தும் சீருடையுமாகக் காலை ஏழு மணிக்கு நடக்கும் பிள்ளை அந்தச் சேற்றில் இறங்காது. காப்பெற் மீதே நடக்கும், வாகனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. வீதி அமைக்கும்போது வாகன ஓடுபாதைக்குச் செலவிடும் கவனத்தில் ஒரு சிறு பங்கை இந்த ஓரத்துக்கு ஒதுக்கி, பாடசாலையின் இருபுறமும் ஐந்நூறு மீற்றருக்காவது கிரவல் போட்டு இறுக்கியிருந்தால், அந்தப் பிள்ளை ஓரத்தில் நடந்திருக்கும். வீதியின் வலப்பக்கமாக, எதிரே வரும் வாகனத்தைப் பார்த்தபடி நடக்க வீட்டிலும் பாடசாலையிலும் பழக்க வேண்டும்.

மூடியில்லாத வடிகான் வெள்ளத்தில் வீதியோடு ஒரே மட்டமாகிவிடும். எங்கே வீதி முடிகிறது என்று தெரியாது. இதற்கும் தாழ்பாலங்களுக்கும் ஒரே தீர்வு, மட்டக்கட்டைகள். தாழ்பாலத்தின் இருபுறமும், வடிகான் விளிம்பிலும் சீமெந்துக் கட்டைகளை நட்டு, வீதி மட்டத்திலிருந்து 15 சென்ரிமீற்றர் வரை வெள்ளை, 30 வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு என்று நிறம் தீட்டலாம். நீர் மஞ்சளைத் தொட்டால் நடப்பவர்கள் நிற்க வேண்டும்; சிவப்பைத் தொட்டால் எந்த வாகனமும் இறங்கக் கூடாது. ஒரு தாழ்பாலத்துக்கு ஆறு கட்டையும் மூன்று சிறு பேணி பெயின்ற்றும் போதும். புரட்டாதி முடிவதற்குள் கிராம அபிவிருத்திச் சங்கம் ஒன்று, பிரதேச சபைக்கு எழுத்தில் அறிவித்துவிட்டு, ஒரு சனிக்கிழமைக்குள் நட்டு முடித்துவிடலாம்.